பெல்ட் இல்லாத வண்டியில் கைக்குழந்தை: ஆட்டோ, பஸ், வேன், ரயிலுக்கு ஒரு வழிகாட்டி

பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு. பிறகு 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு. அதன் பின் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து. நம் ஊரில் ஒரு குழந்தையின் முதல் வருடப் பயணங்கள் பெரும்பாலும் இவைதான். இவற்றில் பாதிக்கு மேல் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வாடகை வேனிலும் நடக்கும். அந்த வண்டிகளில் குழந்தையைக் கட்டிவைக்க எதுவும் இருக்காது.

"மடியில கெட்டியாப் புடிச்சுக்கிட்டாப் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 5 கிலோ குழந்தை உங்கள் கையிலிருந்து ஏறக்குறைய 57 கிலோ விசையோடு முன்னால் பாயும். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையை யாரோ உங்கள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவதுபோல. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. வேகம் 20 கி.மீ. என்றால் அந்த விசை பாதியாகும், மோதலின் ஆற்றல் கால்வாசியாகும். அதனால்தான் எந்த வண்டி, எந்த நேரம், என்ன வேகம் என்பதெல்லாம் முதலில் வருகின்றன. எப்படிப் பிடித்துக்கொள்வது என்பது அவற்றுக்குப் பிறகுதான்.

1. முதலில் வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஊருக்குப் பல வழி இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: ரயில், பேபி சீட் மாட்டிய கார், அரசு பஸ், ஆட்டோ (நகருக்குள், குறுகிய தூரம் மட்டும்). ஷேர் ஆட்டோ, டாடா ஏஸ் மாதிரிச் சரக்கு வண்டி, டிராக்டர் மூன்றும் கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இருசக்கர வண்டிக்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோ தேட வேண்டியதில்லை. தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிட 102 தாய் சேய் நல ஊர்தி இலவசமாக உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் நாள் காலையிலேயே வார்டு நர்ஸிடம் சொல்லிவைக்க வேண்டும். ஒரே வண்டியில் வேறு தாய்மாரையும் ஏற்றலாம், காத்திருக்கவும் நேரலாம். மருந்து எல்லாம் வாங்கி முடிந்து வாசலுக்கு வந்தபின் கேட்பவர்களுக்குத்தான் இது கிடைக்காமல் போகிறது.

நேரம்: விடியற்காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் போய்ச்சேர்வது நல்லது. நெரிசலும் வெயிலும் குறைவு. இரவு 12 முதல் விடியல் 5 வரை டிரைவருக்குத் தூக்கம் தள்ளும் நேரம். "குழந்தை தூங்கிடும், ராத்திரியே போயிடலாம்" என்ற யோசனையை ஏற்காதீர்கள். குழந்தை தூங்கும், டிரைவரும் தூங்குவார்.

2. காரில் பெல்ட் "இல்லை" என்றால் நம்பிவிடாதீர்கள்

வாடகைக் காரின் பின் சீட்டில் பெல்ட் இல்லை என்று சொன்னால், பல நேரம் அது சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். தோள் பெல்ட் மேலே தொங்கும், லாக் மட்டும் காணாமல் போயிருக்கும். சீட்டின் முதுகும் அடிப்பகுதியும் சேரும் இடுக்கில் கையை விட்டால் லாக் தட்டுப்படும். கவரின் எலாஸ்டிக்கைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் கையில் குழந்தையோடு, பின்னால் ஹார்ன் அடிக்கும் தெருவில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. புக் செய்தவுடன் போன் போட்டு இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, பின் சீட்ல பெல்ட் லாக் வெளிய இருக்கா? பேபி சீட் மாட்டணும். உள்ள இருந்தா வர்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருங்க." மறுத்தால் வேறு வண்டி.

பெல்ட் கிடைத்துவிட்டால் பின்னோக்கிப் பார்க்கும் பேபி சீட்தான் ஒரே சரியான வழி. 13 கிலோ வரைக்குமான, கைப்பிடி வைத்த சின்ன சீட் சுமார் 3,000 முதல் 7,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டாக்சியிலேயே அதிகம் போகிறவர்களுக்கு இந்த வகைதான் தோது, கூடையைப்போலத் தூக்கிக்கொண்டு போகலாம். ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் காரிலுள்ள கொக்கியில் நேரே மாட்டும் முறை) மட்டும் உள்ள சீட்டை வாங்காதீர்கள். பழைய வாடகைக் கார்களில் அதற்கான கொக்கி இருக்காது. சாதாரணப் பெல்ட்டிலும் மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் லேபிளில் ஆர்44, ஆர்129, ஏஐஎஸ் 072 என்ற பாதுகாப்புத் தரக் குறிகளில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக் தொட்டில்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

- முன் சீட்டில் கூடாது. எதிரே ஏர்பேக் இருந்தால் அது விரியும் வேகமே பின்னோக்கிய சீட்டிலிருக்கும் குழந்தையைக் கொல்லும்.
- நீல நிறக் கொக்கிகள் பின்னோக்கி மாட்டும் பாதையைக் காட்டும். இடுப்புப் பெல்ட் அதன் வழியாகப் போய், தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி வர வேண்டும். சில கார்களில் பெல்ட் நீளம் பற்றாது. அப்போது எதிர்ப்பக்க ஜன்னல் சீட்டில் முயலுங்கள். நடு சீட்டில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால், உங்கள் பேபி சீட் அதை ஏற்குமா என்று லேபிளில் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.
- பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் தளர்வு. முழங்காலால் அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள்.
- தோள்பட்டி குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். இறுக்கியபின் பட்டியை விரலால் கிள்ளினால் மடிப்பு வரக்கூடாது.
- துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்துப் பட்டி போடாதீர்கள். முதலில் பட்டி, அதற்கு மேல் துணி.
- தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் பட்டால் சீட் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. மூச்சு அடைபடும். 45 பாகை அளவுக்குச் சாய்வு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அரை மணிக்கு ஒருமுறை.

பழைய சீட் வாங்குவதானால் அடியில் அச்சிட்ட தயாரிப்பு வருடத்தைப் பாருங்கள், விபத்தில் சிக்கியதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். டிரைவரிடம் தயங்காமல் பெல்ட் கேட்க இது உதவும்.

பெல்ட் நிஜமாகவே இல்லாத பழைய கார் என்றால்: பேபி சீட்டைச் சும்மா சீட்டின் மேல் வைக்காதீர்கள், மோதினால் குழந்தையோடு சேர்ந்து பறக்கும். கயிறு போட்டுக் கட்டுவதும் வேலைக்காகாது. நடுவில் உட்காராமல் முன் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருங்கள். நடுவில் இருந்தால் கண்ணாடிவரை தடுக்க ஒன்றுமில்லை. பெரியவருக்குப் பெல்ட் இருந்து குழந்தைக்குச் சீட் இல்லையென்றால், பெரியவர் பெல்ட்டைத் தன் உடம்பில் மட்டும் போட வேண்டும், குழந்தை அதற்கு வெளியே. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்யும், மிக ஆபத்தான காரியம். மோதினால் உங்கள் முழு எடையும் பெல்ட்டுக்கும் உங்களுக்கும் இடையில் குழந்தையை நசுக்கும்.

3. பேபி கேரியர் வாங்குவது

ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் இது தேவை. பெரிய மோதலில் இது காப்பாற்றாது, கார் சீட்டுக்கும் ஈடாகாது. சடன் பிரேக், ஸ்பீடு பிரேக்கர், திருப்பம் ஆகியவற்றில் குழந்தை கைநழுவாமல் இருக்கும், கம்பியைப் பிடிக்க உங்கள் கை சும்மா இருக்கும். அவ்வளவுதான், ஆனால் தினசரி நடப்பது அதுதான்.

இடுப்பில் அகலப் பட்டை உள்ள கேரியர் 1,500 முதல் 4,000 ரூபாய். குறைந்தபட்ச எடையைப் பாருங்கள். பலவற்றில் 3.2 அல்லது 3.5 கிலோ என்று இருக்கும், பிறந்த எடை 2.5 கிலோ உள்ள குழந்தைக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலைத் தாங்கல் கட்டாயம். முகம் உங்கள் நெஞ்சைப் பார்த்து, நீங்கள் குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும்படி இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சிசேரியன் ஆன தாய்க்கு இடுப்புப் பட்டை தையலில் உரசும். முதல் ஆறு வாரம் அப்பாவோ சித்தியோ போட்டுக்கொள்ளட்டும். பாட்டிதான் தூக்கிக்கொள்வேன் என்பார். கையில் வலுவுள்ளவர் யாரோ அவர் தூக்கட்டும், பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். வீட்டிலேயே இதைப் பேசி முடித்துவிடுங்கள், ஆட்டோ வாசலில் வேண்டாம்.

போடும் முன் தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்குகளைக் கழற்றுங்கள். குழந்தையின் வளையல், கொலுசு, வெள்ளி அரைஞாணையும் கழற்றிவிடுங்கள். பட்டைக்கு அடியில் அழுத்திக் கீறும்.

4. ஆட்டோ

ஏறுவதற்கு முன்பே, கூலி பேசும்போதே சொல்லுங்கள்: "பச்சைக் குழந்தை இருக்குண்ணே, முப்பதுக்கு மேல போகாதீங்க, பள்ளத்துல மெதுவா." வண்டி கிளம்பிய பிறகு சொல்வதைவிட இது எடுபடும். பத்து இருபது ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

உட்காரும் இடம் பின் சீட்டின் நடு. இரண்டு பக்கமும் பெரியவர்கள் இருந்தால் நல்லது. பை, பிளாஸ்க் எல்லாம் சீட்டின் பின்னால். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும், கால் இரண்டும் டிரைவர் சீட்டின் அடித் தகட்டில் ஊன்றியிருக்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிதான் ஆட்டோவில் குழந்தைக்கு முதல் எதிரி. பிரேக் போட்டதும் தலை போய் இடிக்கும் இடம் அது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொரு கை குழந்தையின் பின்தலையில்.

கேரியர் இல்லையா? நெஞ்சோடு நெஞ்சாக, நிமிர்த்தி, ஒரு கை அடியில் ஒரு கை தலைக்குப் பின்னால். மடியில் குறுக்கே படுக்கவைக்காதீர்கள். தூங்கும் குழந்தையின் தலை ஆட்டோவின் திறந்த பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை எந்த சிக்னலிலும் பார்க்கலாம்.

முந்தானை, துப்பட்டா, குழந்தையைச் சுற்றிய துணி ஆகியவற்றின் நுனியைச் செருகிவிடுங்கள், வெளியே பறந்தால் பக்கத்து வண்டியின் சக்கரத்தில் சிக்கும். தூசிக்காக முகத்தை முழுதாக மூடவும் வேண்டாம். நெற்றிக்கு மேல் கூடாரம்போல் பிடித்தால் போதும், மூக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஓடும் ஆட்டோவில் பால் கொடுக்காதீர்கள், குலுக்கலில் புரையேறும். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே கொடுத்து ஏப்பம் விடவைத்துவிடுங்கள். வழியில் அழுதால் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

5. அரசு பஸ்

தமிழ்நாடு அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் இலவசம், ஆனால் அதற்காகக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு ஏறாதீர்கள். உட்கார இடமில்லாத பஸ்ஸை விட்டுவிடுங்கள். புறப்படும் பஸ் நிலையத்திலேயே போய் ஏறுவது இன்னும் நல்லது. இரண்டு ஸ்டாப் பின்னால் நடந்தாலும் பரவாயில்லை.

சீட்: முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள வரிசைகள். கடைசி சீட்டு ஸ்பீடு பிரேக்கரில் ஆளையே தூக்கிப்போடும். படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டும், எதிரே தடுப்பில்லாத முதல் சீட்டும் வேண்டாம். தலைக்கு மேல் லக்கேஜ் கம்பியில் அரிசிப் பையோ பெட்டியோ இருந்தால் இடம் மாறுங்கள்.

முன் சீட்டின் முதுகில் இருக்கும் கம்பி மடியிலிருக்கும் குழந்தையின் தலை உயரத்துக்கு வருகிறது. உங்கள் முன்கையை அந்தக் கம்பிக்கும் குழந்தையின் தலைக்கும் இடையில் எப்போதும் வையுங்கள். கைவலி வரும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பஸ் நின்றிருக்கும்போது மட்டும்.

ஏறியதும் கண்டக்டரிடம் "குழந்தை இருக்கு சார், உக்காந்ததும் விசில் குடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். இறங்கும்போதும் பஸ் முழுதாக நின்றபின் எழுந்தால் போதும். விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான், ஆகவே படியில் குழந்தை ஒருவரிடம், பை இன்னொருவரிடம். பெரிய பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கும், அங்கேயே பால் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

ஆம்னி ஸ்லீப்பர் என்றால் கீழ் படுக்கை மட்டும். கால் வண்டி போகும் திசையில், தலை பின்னால். குழந்தை சுவர்ப் பக்கம். அவசர வழி எங்கே என்று ஏறியதும் பார்த்துவையுங்கள்.

6. கோயிலுக்கு வேன்

வீட்டோடு கிளம்பும் இந்தப் பயணத்தில்தான் எல்லா விதியும் தளரும். பேசி முடிக்கும் முன் வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இரண்டும் பயண நாளைத் தாண்டி இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, முந்தின இரவு அந்த டிரைவர் எங்கே ஓட்டினார் என்பது. விடிய விடிய திருப்பதி போய்வந்தவரை மறுநாள் காலை உங்களுக்கு அனுப்புவார்கள். ஒரே நாளில் போய்வர முடியாத தூரமென்றால் பேட்டாவோடு ஒரு இரவு தங்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தையோடு இருப்பவர் முன்னோக்கிப் பார்க்கும் சீட்டில், நடு வரிசையில். சுமோ, பொலிரோ மாதிரி வண்டிகளின் கடைசியில் எதிரெதிராக இருக்கும் பக்கவாட்டு சீட்டு வேண்டாம். குத்துவிளக்கு, குடம், சமையல் பாத்திரமெல்லாம் டிக்கியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். மோதலில் ஒரு பித்தளைக் குடம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. வேனுக்குள் சேலையில் தூளி கட்டுவதைத் தடுத்துவிடுங்கள், ஒரு பிரேக்கில் அது நேரே கம்பியில் போய் மோதும்.

7. ரயில்

5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம், தனிப் படுக்கையும் கிடைக்காது. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஐஆர்சிடிசியில் குறைந்தது ஒரு கீழ் படுக்கை கிடைத்தால் மட்டும் புக் செய் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். தட்கல் முந்தின நாள், ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி.

மேல், நடுப் படுக்கைகளில் குழந்தையோடு படுக்காதீர்கள். சுவர்ப் பக்கம் குழந்தை, ஜன்னல் ஷட்டர் மூடியபடி. தூளி இங்கேயும் வேண்டாம். எஞ்சின் இழுக்கும் குலுக்கலில் படுக்கைக் கம்பியில் இடிக்கும். உதவிக்கு 139.

8. இருசக்கர வண்டி

2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, அளவான ஹெல்மெட் இரண்டும் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. 9 மாதத்துக்குக் கீழே ஏற்றவே வேண்டாம். ஒரு வயது வரைக்கும் ஹெல்மெட்டின் எடையைக் கழுத்து தாங்காது என்பதால், விதி இடம் கொடுத்தாலும் நான் ஒரு வயதுக்கு முன் ஏற்ற மாட்டேன். ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்துவதும், இருவருக்கு நடுவில் சொருகுவதும் பாதுகாப்பு ஆகாது.

9. பையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, குழந்தையின் ரத்த வகை எழுதிய தாள், காப்பீட்டு அட்டை. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இரண்டு பேர் வைத்திருங்கள். வயதைக் கேட்டால் பிறப்புச் சான்றிதழ் நகல் போதும்.

10. மோதிவிட்டால்

108ஐ அழையுங்கள். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகல, சிரிக்குது" என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். வெளியே காயம் இல்லாவிட்டாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த இரண்டு நாள் கவனிக்க வேண்டியவை: திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பால் குடிக்க மறுப்பது, ஓயாத வீறிடல், உச்சிக்குழி புடைத்துத் தெரிவது, வலிப்பு. ஒன்று தெரிந்தாலும் நேரே அவசரப் பிரிவு. அந்த விபத்தில் பேபி சீட் மாட்டியிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பட்டிகளை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வீட்டுக்கு அது விற்பனைக்குப் போகும்.